பூட்டுக்காரர் இல்லாத நாவல்

"சரி, இந்த வாரம் படிச்சதுல உங்களுக்கு எந்த எடம் பிடிச்சுது?"

தொலைபேசியில் மனைவி இப்படிக் கேட்டதும் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

படிக்காமல் இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில், ஓட்டப் பழக வந்தவர்கள் மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துத் திணறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து சீட்டில் ஒரு காலைத் தன் பக்கத்து பிரேக்கின்மேல் வைத்தபடி, மடியில் புத்தகத்தை விரித்துப் படித்திருந்தார். ஓர் இடத்தில் கண் கலங்கி, தூசி விழுந்துவிட்டதாகச் சமாளித்ததுகூட ஞாபகம் இருந்தது. எந்த மரத்தடியில் கார் நின்றது, வெயில் எந்தப் பக்கமாக அடித்தது என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. புத்தகத்தில் யார் அழுதார்கள், எதற்காக அழுதார்கள் என்பதுதான் இல்லை.

இது வியாதி ஒன்றும் இல்லை. தன்னிடம் பழகியவர்களில் யாருக்குக் கிளட்சில் கால் நடுங்கும், யார் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார்கள் என்று பல வருஷத்துக் கணக்கை அவர் கேட்ட மாத்திரத்தில் சொல்வார். கதை மட்டும் தங்காது. படிக்கிறவரைக்கும் அமிர்தம், மூடி வைத்தால் வாய் கொப்பளித்தது மாதிரி. ஒருமுறை அவர் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலின் கொலைகாரன் யார் என்பதைப் பழக வந்த ஒருத்தர் உளறிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல சார், வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவேன்" என்றார் மாஸ்டர். சொன்னபடியே மறந்தார்.

அப்படி இருந்தும் இந்த ஏற்பாட்டுக்கு அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

அவர் மனைவி கடல் தாண்டிய ஒரு நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தாள். போகும்போது கொஞ்ச காலம்தான் என்றாள். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் இன்னொரு கையெழுத்து விழுந்தது. போதும் வந்துவிடு என்று மாஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆசைப்பட்டுப் போன வேலை, நாம் குறுக்கே நிற்பதா என்று இருந்துவிட்டார். வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கூப்பிடுவாள். முதலில் பேச்சு தண்ணீராய் ஓடியது. போகப்போக, சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், நீ, ஆச்சு, வேற, வேற ஒன்றுமில்லை என்று வற்றிவிட்டது. அந்த 'வேற'வுக்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அந்தப் பக்கம் பெரிய பெரிய இயந்திரங்கள் துணியைச் சுழற்றும் சத்தம் மட்டும் கேட்கும். மாஸ்டர் ஃபோனை வைக்க மனசில்லாமல் அதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியாக லீவில் வந்திருந்தபோது அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் படிப்பது, வாராவாரம் அதைப் பற்றிப் பேசுவது. தடிமனான நாவல் ஒன்றின் இரண்டு பிரதிகள் வாங்கினார்கள். மனைவி வேலைக்காக வெளியூர் போய்விட, துறைமுக ஊரில் அவளுக்காகக் காத்திருக்கும் படகு கட்டுகிறவனின் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது. பின்னட்டையை மாஸ்டர் தினமும் ஒருதரம் பார்த்துக்கொள்வார். அதனால் அது மட்டும் ஞாபகம் இருந்தது.

இப்போது மனைவி பதிலுக்குக் காத்திருந்தாள். இயந்திரங்கள் சுற்றும் சத்தம் கேட்டது. அந்த வாரம் ஒருத்தர் சாவியை உள்ளேயே வைத்துக் கார் கதவைப் பூட்டிவிட, பூட்டுக்காரரைக் கூட்டி வரவேண்டியதாகிவிட்டது. அவர் முகம் மாஸ்டரின் கண்முன் வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பூட்டுக்காரர் வர்ற எடம்" என்றார்.

"பூட்டுக்காரரா?"

"ஆமா. சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு நடுத்தெருவுல நிப்பான்ல, அப்ப வருவாரே. வளைஞ்ச கம்பிய வச்சு நெம்பித் தொறந்துட்டு, உள்ள எட்டிப் பாப்பாரு. 'ஒத்த ஆள் இருக்கற வீட்ல பூட்டு சீக்கிரம் இறுகிடும் தம்பி'ன்னு சொல்லிட்டுப் போவாரு."

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். பிறகு, "ஆமாமா. நல்ல மனுஷன்" என்றாள்.

அன்று வெகுநேரம் பேசினார்கள். முழுக்கப் பூட்டுக்காரரைப் பற்றியே. அவருக்கு என்ன வயசிருக்கும், மீசை உண்டா, தன் வீட்டைப் பூட்டுவாரா என்றெல்லாம் அவள் கேட்டாள். வைத்த பிறகு மாஸ்டர் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தார். ஞாபகசக்தி தான் நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, எடுத்ததுமே பூட்டுக்காரர் மறுபடியும் வந்தாரா என்றுதான் கேட்டாள். இன்னும் அந்த இடம் வரவில்லை என்று சொல்லித் தப்பித்து, மாஸ்டர் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். மீனவர்கள் இருந்தார்கள். படகுச் சொந்தக்காரர் இருந்தார். கோபக்காரச் சித்தப்பா ஒருத்தர் இருந்தார். பூட்டுக்காரர் இல்லை. 'பூட்டு' என்ற சொல்லே ஓர் இடத்தில்தான் வந்தது, அதுவும் சித்தப்பா யாரையோ வாயைப் பூட்டச் சொல்லும்போது.

தன் பிரதியில் பக்கங்கள் விட்டுப்போயிருக்கவேண்டும் என்று முடிவு கட்டிப் புத்தகக்கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் எதிரிலேயே ஒவ்வொரு பக்கமாக எண்ணிக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்படியும் மாஸ்டர் சந்தேகத்தோடு முதுகுப்பக்கத் தையலை நோண்டிப் பார்க்க, இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை என்றும், இனி இந்தப் படி ஏறவேண்டாம் என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அடுத்து அவர் பிடித்தது பல் டாக்டரம்மாவை. ஊரே அவரைப் பார்த்து நடுங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் நடுங்குவார். மாஸ்டரிடம் பழக வந்தவர்களில் படிக்கிற பழக்கம் உள்ளவர் அவர் ஒருத்தர்தான். விஷயத்தைச் சொல்லி, படித்துப் பார்க்கச் சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தார். டாக்டரம்மா முதல் நூறு பக்கத்தோடு திருப்பிக் கொண்டுவந்தார். ரொம்ப மெதுவாகப் போகிறது, பூட்டுக்காரர் என்று யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு குப்பைத்தொட்டியை இடித்தார். பின்னால் எடுத்துவிட்டு, "ஆனா உங்க பூட்டுக்காரர் நல்லாயிருக்காரு மாஸ்டர். அவரு அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

மாஸ்டருக்குக் கிலி பிடித்தது. மனைவி உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் குட்டு உடைந்துவிடும். அதற்குள் பூட்டுக்காரரை அப்புறப்படுத்திவிடுவது என்று தீர்மானித்து, அந்த ஞாயிறன்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்.

விளைவு விபரீதமாகிவிட்டது. சலவைக்கூடத்தில் மனைவியோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் இப்போது கதையைக் கேட்கிறார்களாம். ஃபோனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்களாம். அவர்களில் சுருட்டை முடி உள்ள ஒருத்தி இருந்தாள். சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாளாம்.

"அவரு திரும்பி வருவாருன்னு பின்னாடி எங்கியாச்சும் வருதான்னு பாருங்க" என்றாள் மனைவி. கெஞ்சுவது போல இருந்தது.

பார்த்தார். அடுத்த வாரமே வந்தது. பூட்டுக்காரர் திரும்பி வந்தார். தனியாக வராமல், விதவைத் தங்கை ஒருத்தியையும், காலொடிந்த ஆட்டுக்குட்டி ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு அந்தத் தங்கைக்குக் கோபக்காரச் சித்தப்பாமேல் ஒரு பிரியம் உண்டானது. சித்தப்பா நிஜமாகவே புத்தகத்தில் இருப்பவர் என்பதால் மாஸ்டருக்குக் கொஞ்சம் மனநிம்மதி.

இதில் ஒரு கஷ்டம், படித்தது தங்காதவருக்குத் தானே கட்டியதும் தங்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு வலது கால் ஒடிந்ததாக ஒருநாள் சொல்லிவிட்டார். "இடது கால்னுல்ல சொன்னீ... இருந்துச்சு?" என்றாள் மனைவி. அவளுக்கு எவ்வளவு ஞாபகம் என்று மாஸ்டர் வியந்தார். அதன்பிறகு பல் டாக்டரம்மாதான் அவருக்கு ஞாபகம். திங்களன்று காரில் ஏறியதும் மாஸ்டர் முந்தின நாள் சொன்னதைச் சொல்லி வைப்பார். சனிக்கிழமை டாக்டரம்மா அதைத் திருப்பிச் சொல்லுவார். இந்தப் பேச்சு மற்றவர்கள் காதிலும் விழுந்தது. பழகி முடித்தவர்கள்கூட, இன்னும் கை திருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டு பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார ஆரம்பித்தார்கள்.

அந்த டிரைவிங் ஸ்கூல், மாஸ்டருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் கூடப்பிறந்த அண்ணனுக்குச் சொந்தம். அவர் ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, யாருமே டெஸ்ட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க. கேட்டா ஆட்டுக்குட்டி நடக்கட்டும்ங்கறாங்க. என்ன நடக்குது இங்க?"

உங்கள் தங்கைக்காகத்தான் என்று மாஸ்டர் சொன்னார். மச்சான் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, சீக்கிரம் கதையை முடித்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

முடிக்கிற காலமும் வந்துவிட்டது. ஒரு ஞாயிறன்று மனைவியே பேச்சை எடுத்தாள். புத்தகம் முடியப்போகிறதல்லவா என்றாள். அதே மூச்சில், வேறு ஏதோ விஷயம் போல, ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடவேண்டிய நேரம் வந்துவிட்டது என்றாள்.

மாஸ்டருக்குத் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. "உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யி" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

இயந்திரங்கள் சுற்றின. வைத்த பிறகும் மாஸ்டர் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். டாக்டரம்மா இரண்டு கம்பங்களுக்கு நடுவில் காரை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மாஸ்டரின் தோள்கள் குலுங்கின. தான் எதன்மேலோ ஏற்றிவிட்டோம் என்று பயந்து டாக்டரம்மா இஞ்சினை நிறுத்திவிட்டார். பிறகு விஷயம் புரிந்து, உண்மையான முடிவு என்ன என்று தானும் பார்க்கவேண்டும் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தபோது மாஸ்டரிடம் எதுவும் மிச்சமில்லை. ஈரத்துணியைச் சுருட்டி நெஞ்சில் வைத்தது போல ஒரு கனம் மட்டும் இருந்தது. என்ன நடந்தது என்பது போய்விட்டது.

"எப்படி முடியுது?" என்று கேட்டாள். குரல் மெலிந்திருந்தது. அன்று சுற்றிலும் யாருடைய சத்தமும் இல்லை.

"வந்துடறா" என்றார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார். விடியற்காலை. புயல், படகு, ஒன்றும் இல்லை. அவன் கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருக்கிறான். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. காற்றாக இருக்கும் என்று நினைக்கிறான். அந்தக் கேட் அவனை நிறைய தடவை ஏமாற்றியிருக்கிறது. பெரிய போர்வை ஒன்றைப் பிழியப் பார்க்கிறான். தனி ஆளாகப் போர்வை பிழிவது பெரும் பாடு. ஒரு முனையை முறுக்கினால் மறு முனை பிரிந்துகொள்ளும். அப்போது அந்த மறு முனையை யாரோ பிடிக்கிறார்கள். அவள்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, தோளிலேயே மாட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு பக்கமாக முறுக்குகிறார்கள். தண்ணீர் கொட்டுகிறது.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, 'இனிமே ரெண்டு தலையணை உறை தோய்க்கணும்'ங்கறான். அதோட முடியுது."

வெகுநேரம் கழித்து, "பூட்டுக்காரரு?" என்று கேட்டாள்.

"அவருக்கு அன்னிக்கு வேலையில்ல. கதவு தொறந்துதான் இருந்துது."

"சரி, வைக்கறேன்" என்றாள். 'வேற?' என்று கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். வேறு ஏதோ முடிவு இருக்கிறது. இத்தனை மாதம் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டுவிட்டாள்.

அந்த முடிவையாவது தெரிந்துகொள்வோம் என்று டாக்டரம்மாவிடம் ஓடினார். டாக்டரம்மா தலையில் கை வைத்தார். படிக்க நேரமில்லாமல் புத்தகத்தைக் காத்திருக்கும் அறையில் வைத்திருந்தாராம். பல் பிடுங்கிக்கொண்ட யாரோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். புத்தகக்கடையில் படியேறுவதற்குள், இருந்தாலும் உங்களுக்குத் தரமாட்டேன் என்று குரல் வந்தது. மச்சானைக் கேட்டால், அவர் படித்த கடைசிப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் என்றார்.

இதற்கு நடுவில்தான் செய்தி வந்தது. "வர்றேன். சுருட்டையும் கூட வர்றா. அவளுக்கு சாயங்காலம் நம்ம ஊர்ல இருந்து பஸ்."

மனைவிக்கு அப்போது லீவு கிடையாது. நேரில் பார்த்துக் கேட்கத்தான் வருகிறாள் என்று மாஸ்டர் நடுங்கினார். டிரைவிங் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். வழி நெடுக ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அது மறந்து போனது.

மனைவி சுருட்டையோடு வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மறுபடியும் இந்த வண்டிதானா" என்றாள். ஏகப்பட்ட சாமான்கள் இருந்தன. தலையணைகூட இருந்தது, இஸ்திரிப் பெட்டி இருந்தது. சுருட்டையுடையதாக இருக்கும் என்று மாஸ்டர் எல்லாவற்றையும் ஏற்றினார். வரும் வழியில் புத்தகப் பேச்சே எழவில்லை. அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஒரு மேடு பள்ளம் தெரியாமல் மாஸ்டர் ஓட்டினார். அவ்வளவு பதவிசாக அவர் யாருக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். சுருட்டை கூடத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் படிப்பதற்காகப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதே நாவல், மனைவியின் பிரதி. உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட் அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பப் பக்கங்களைக்கூட அது தாண்டவில்லை.

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. அவள் படிக்கவே இல்லை! கூடவே மனதின் ஒரு மூலையில் லேசாக வலித்தது. நாம் கண் கலங்கிய இடத்தில் அவளும் கலங்கியிருப்பாள் என்று எத்தனை மரத்தடியில் நினைத்துக்கொண்டோம். ஆனால் தப்பித்த சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சுருட்டையிடம் சொன்னார்.

"பாவம், உங்க அக்கா இதைப் படிக்கவே இல்ல போலருக்கு. நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிட்டா."

சுருட்டை டிக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இது நான் வச்ச டிக்கெட்டுண்ணே. நாந்தான் இன்னும் ஆரம்பத்துலயே நிக்கறேன். அக்கா இங்கேருந்து வந்த மொத வாரமே முழுசாப் படிச்சு முடிச்சுட்டாங்க. முடிச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல."

"அப்ப பூட்டுக்காரர்?" என்றார் மாஸ்டர்.

"அப்படி யாரும் இல்லேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா நீங்க நிறுத்திடுவீங்கன்னு, மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க."

உள்ளே கடைசி ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "நான் சொன்ன முடிவாச்சும் சரியா?" என்றார்.

சுருட்டை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல அந்தப் பொண்ணு திரும்பி வர்றதே இல்லண்ணே, நீங்க அவ வந்துடறதாச் சொன்ன மறுநாள்தான் அக்கா கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடாம திருப்பிக் குடுத்தாங்க."